மின்னல் அடித்து, இடி கேட்டு, உடலுக்குள் படம் பிடிக்கும் கம்ப்யூட்டர்!

மழைக் காலத்தில் திண்ணையில் உட்கார்ந்து மின்னலையும் இடியையும் கவனித்திருப்பீர்கள். மின்னல் கண்ணில் பட்டவுடன் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணத் தொடங்குவோம். இடிச் சத்தம் காதில் விழுந்தவுடன் நிறுத்துவோம். மூன்று விநாடிக்கு ஒரு கிலோ மீட்டர் என்பது கணக்கு. ஆறு விநாடி கழித்து இடி கேட்டால் மின்னல் இரண்டு கிலோ மீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது என்று பொருள்.

இடி எப்படி உண்டாகிறது? மின்னல் பாயும் பாதையில் காற்று ஒரே நொடியில் கடுமையாகச் சூடாகிறது. சூடான காற்று சட்டென்று விரிகிறது. அந்த விரிவு தான் நமக்குச் சத்தமாகக் கேட்கிறது.

இதே வேலையை மனித உடலுக்குள் செய்தால் என்ன? மிகச் சிறிய மின்னல் ஒன்றை ஒளியாக உள்ளே அனுப்பி, அதனால் எழும் மிகச் சிறிய இடியைக் கேட்டு, அது எங்கிருந்து வந்தது என்று கம்ப்யூட்டரைக் கணக்குப் போடச் சொன்னால்? ரத்தக் குழாய்களின் முப்பரிமாணப் படம் திரையில் வந்துவிடும். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், எக்ஸ்ரே கதிரும் வேண்டாம். இதற்குப் பெயர் போட்டோ அக்கூஸ்டிக் இமேஜிங். தமிழில் ஒளி ஒலிப் படமுறை எனலாம்.

இதில் கம்ப்யூட்டருக்கு என்ன பங்கு என்று கேட்கிறீர்களா? பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்வதே அது தான். எப்படி என்று பார்ப்போம்.

ஏற்கெனவே ஸ்கேன்கள் இருக்கின்றனவே?

ஆம், இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பலமும் ஒரு குறையும் உண்டு. எக்ஸ்ரே எலும்பை நன்றாகக் காட்டும். ரத்தக் குழாய்களைக் காட்ட வேண்டும் என்றால் ஊசி மூலம் மருந்து செலுத்த வேண்டும். சி.டி. ஸ்கேனும் எக்ஸ்ரே கதிரைத் தான் பயன்படுத்துகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கதிர்வீச்சு அபாயம் இல்லை. ஆனால் இயந்திரம் மிகப் பெரியது, விலையும் அதிகம், குழாய் போன்ற இடத்தில் நெடுநேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் மலிவானது, ஆபத்தில்லாதது. ஆனால் அது எதிரொலியை மட்டும் கேட்கிறது. நுண்ணிய ரத்தக் குழாய்களை அது அவ்வளவு தெளிவாகக் காட்டாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு இருக்கிறது என்றும் சொல்லாது.

சரி, ஒளியை மட்டும் வைத்துப் படம் எடுத்தால்? இருட்டில் டார்ச் விளக்கை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். கை சிவப்பாக ஒளிரும். அதாவது ஒளி கையைக் கடந்து வருகிறது. ஆனால் உள்ளே இருக்கும் எலும்போ நரம்போ உருவமாகத் தெரிவதில்லை. ஏன்? பனி மூட்டத்தில் மாட்டிக் கொண்ட ஹெட்லைட் வெளிச்சம் போல, சதைக்குள் நுழைந்த ஒளி ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டரிலேயே பாதை தவறி நாலாபுறமும் சிதறிவிடுகிறது.

ஒலி அப்படிச் சிதறுவதில்லை. சதைக்குள் ஒளியை விட அல்ட்ரா சவுண்ட் நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைவாகவே சிதறும். எனவே உள்ளே போகும்போது ஒளி, வெளியே வரும்போது ஒலி என்று வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஒளிக்கு ரத்தத்தின் நிறம் தெரியும். ஒலிக்கு இடம் தெரியும். இரண்டும் சேர்ந்தால் படம் கிடைக்கும்.

டெலிபோன் பெல் கேட்ட சத்தம்

இந்தத் தத்துவம் புதிதல்ல. 1880-ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. கண்டறிந்தவர் டெலிபோன் மூலம் நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்.

ஒயர் இல்லாமல், சூரிய ஒளிக் கற்றையில் ஏற்றிப் பேச்சை அனுப்பும் போட்டோபோன் என்ற கருவியைப் பெல்லும் அவருடைய உதவியாளர் சார்லஸ் சம்னர் டெய்ன்டரும் வாஷிங்டனில் உருவாக்கிக் கொண்டிருந்தனர். அப்போது ஒன்றைக் கவனித்தார்கள். சூரிய ஒளியை விட்டு விட்டு வேகமாக ஒரு பொருளின் மீது விழச் செய்தால் அந்தப் பொருளிலிருந்தே ஒலி எழுகிறது! ஒளி படும்போது சூடாகி விரிகிறது, ஒளி விலகியதும் குளிர்ந்து சுருங்குகிறது. இந்த விரிவும் சுருக்கமும் காற்றில் அதிர்வாகி ஒலியாகின்றன.

பெல் கண்டதை உடலுக்குள் படம் எடுக்கும் கருவியாக மாற்ற நூறாண்டுக்கு மேல் ஆனது. காரணம், மூன்று பொருட்கள் அவரிடம் இல்லை. முதலாவது, கண நேரத்தில் வெட்டி மறையும் பலமான ஒளி. அது 1960-இல் லேசர் பிறந்த பிறகே சாத்தியமானது. இரண்டாவது, மெல்லிய அல்ட்ரா சவுண்டைக் கேட்கும் சென்சார். மூன்றாவது, இவை தரும் எண்களைப் படமாக்கும் கம்ப்யூட்டர்.

மூன்றும் சேர்ந்த பின் முன்னேற்றம் வேகமானது. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லிஹாங் வாங் தலைமையிலான குழு, எலியின் தோலையும் மண்டை ஓட்டையும் திறக்காமலேயே அதன் மூளையின் ரத்தக் குழாய்களை இம்முறையில் படம் பிடித்தது. மீசை முடியைத் தொட்டால் மூளையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்பது கூடத் தெரிந்தது.

எப்படி இயங்குகிறது?

படிப்படியாகப் பார்ப்போம்.

1. லேசர் ஒரு முறை பளிச்சிடுகிறது. அந்த வெளிச்சம் நீடிப்பது சில நானோ செகண்ட் மட்டுமே. ஒரு நானோ செகண்ட் என்பது ஒரு விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. இந்த நேரத்தில் ஒளி கூட 30 சென்டி மீட்டர் தான் பயணம் செய்ய முடியும்.

2. ஒளி சதைக்குள் சிதறிப் பரவுகிறது. வழியில் உள்ள ரத்தம் அதை உறிஞ்சுகிறது. சுற்றியுள்ள சதை அவ்வளவு உறிஞ்சுவதில்லை.

3. ஒளியை உறிஞ்சிய ரத்தம் சற்றே சூடாகிறது. பயப்பட வேண்டாம். இந்தச் சூடு ஒரு டிகிரியில் ஆயிரத்தில் சில பங்கு என்ற அளவிலேயே இருக்கும். தோலில் எவ்வளவு லேசர் ஒளி விழலாம் என்பதற்குப் பாதுகாப்பு வரம்பும் உண்டு.

4. சூடான ரத்தம் விரிகிறது. ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடேறினாலே, காற்று மண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் எட்டுப் பங்கு அழுத்தம் உண்டாகும். அல்ட்ரா சவுண்ட் சென்சார் கேட்பதற்கு இது தாராளம். நம் காதுக்குக் கேட்காது.

5. இந்த ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீட்டர் வேகத்தில் தோலை நோக்கி வருகிறது. அதாவது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான ஒரு மைக்ரோ செகண்டில் 1.5 மில்லி மீட்டர். 15 மில்லி மீட்டர் ஆழத்தில் உள்ள குழாயின் சத்தம் மேலே வந்து சேர 10 மைக்ரோ செகண்ட் ஆகும்.

6. தோலைச் சுற்றி வைக்கப்பட்ட பல சென்சார்கள் ஒவ்வொன்றும் ஒலி எப்போது வந்தது, எவ்வளவு பலமாக வந்தது என்று குறித்துக் கொள்கின்றன.

7. கம்ப்யூட்டர் எல்லாக் குறிப்புகளையும் சேர்த்து, எந்தப் புள்ளியிலிருந்து சத்தம் வந்தது என்று கண்டுபிடித்துப் படம் வரைகிறது.

திண்ணையில் நீங்கள் போட்ட அதே கணக்கு தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. திண்ணையில் இருப்பவருக்கு இடி எவ்வளவு தூரம் என்று தெரியும், எந்த ஊரின் மேல் என்று உறுதியாகத் தெரியாது. ஊருக்கு ஒருவராக நாலைந்து ஊர்களில் உட்கார்ந்து எண்ணிப் பிறகு ஒப்பிட்டால் இடமும் தெரிந்துவிடும். பல சென்சார்கள் தேவைப்படுவது இதற்காகத் தான்.

ரத்தத்தின் நிறம் சொல்லும் சேதி

ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் பளீர் சிவப்பு. ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் கருஞ்சிவப்பு. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை ஏற்றிக் கொள்ளும்போது அதன் நிறம் மாறுவதே காரணம். அலை நீளம் 750 நானோ மீட்டராக உள்ள லேசரை ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் அதிகமாக உறிஞ்சும். 850 நானோ மீட்டரில் ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் அதிகமாக உறிஞ்சும். ஏறத்தாழ 800-இல் இரண்டும் சமம். எனவே இரண்டு வகை லேசரை மாற்றி மாற்றி அடித்து, இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் எந்தக் குழாயில் எவ்வளவு ஆக்ஸிஜன் ஓடுகிறது என்று வண்ணம் தீட்டிக் காட்டலாம்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்தோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதுவும் இந்த நிற வித்தியாசத்தில் தான் இயங்குகிறது. ஆனால் அது உடல் முழுவதற்கும் சேர்த்து ஒரே ஒரு எண்ணைத் தரும். ஒளி ஒலிப் படம் குழாய்க்குக் குழாய் கணக்குத் தரும்.

இது ஏன் முக்கியம்? புற்றுநோய்க் கட்டி வளர்வதற்கு நிறைய ரத்தம் வேண்டும். அதற்காகத் தன்னைச் சுற்றித் தாறுமாறாகப் புதிய குழாய்களை வளர்த்துக் கொள்ளும். ஆக்ஸிஜனையும் விரைவாகச் செலவழிக்கும். இந்த இரண்டு அடையாளங்களும் இப்படத்தில் தெரியும்.

கம்ப்யூட்டரின் கணக்கு

இப்போது நம் வீட்டுக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டு ஒரு கணக்குப் போடுவோம்.

உங்கள் கம்ப்யூட்டரின் சவுண்ட் கார்டு சிடி தரத்தில் பாட்டைப் பதிவு செய்யும்போது ஒலியை நொடிக்கு 44,100 முறை அளக்கிறது. அல்ட்ரா சவுண்டுக்கு இது போதாது. நொடிக்கு 4 கோடி முறை அளக்கும் கருவி என்று வைத்துக் கொள்வோம். ஏறத்தாழ 900 மடங்கு வேகம். இப்படி 1024 சென்சார்கள் ஒரே நேரத்தில் கேட்கின்றன.

ஒவ்வொரு லேசர் வெட்டுக்கும் 100 மைக்ரோ செகண்ட் கேட்டால், ஒரு சென்சார் 4000 அளவுகளைத் தரும். 1024 சென்சார்களுக்கு 40,96,000 அளவுகள். ஓர் அளவுக்கு 2 பைட் என்றால் ஏறத்தாழ 8 எம்.பி. நொடிக்கு 20 முறை லேசர் அடித்தால் நொடிக்கு 160 எம்.பி. பத்து நொடியில் 1600 எம்.பி. ஒரு சிடியில் 700 எம்.பி. தான் கொள்ளும். ஆகவே பத்து நொடி ஸ்கேன் இரண்டு சிடிக்கும் மேல்!

இது சேமிப்பு மட்டும் தான். கணக்கு இனிமேல் தான். டிஜிட்டல் கேமரா படத்தில் உள்ள சிறு புள்ளியைப் பிக்ஸெல் என்கிறோம். முப்பரிமாணப் படத்தில் அது சிறு கனசதுரம். அதற்கு வாக்ஸெல் என்று பெயர். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 4 செ.மீ. ஆழம் உள்ள பகுதியை 0.4 மி.மீ. கட்டங்களாகப் பிரித்தால் 62,50,000 வாக்ஸெல்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டர் 1024 சென்சார்களின் குறிப்பையும் பார்க்க வேண்டும். இதை 200 லேசர் வெட்டுகளுக்கும் செய்ய வேண்டும். பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சம் கோடி முறைக்கும் மேல்!

இங்கு தான் கிராபிக்ஸ் கார்டு கை கொடுக்கிறது. கம்ப்யூட்டரில் விளையாடுவதற்காகப் பிள்ளைகள் அடம் பிடித்துக் கேட்கும் அதே கார்டு வகை தான். பிராசசர் என்பது கடினமான வேலைகளை ஒவ்வொன்றாகச் செய்து முடிக்கும் அனுபவசாலி போல. கிராபிக்ஸ் கார்டு என்பது எளிய வேலையை ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் செய்யும் கூட்டம் போல. ஒரு வாக்ஸெலின் கணக்கு அடுத்த வாக்ஸெலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எனவே கூட்டத்திற்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.

"ஆடாமல் இருங்கள்!"

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்க ஸ்டூடியோவிற்குப் போனால் கேமராக்காரர் சொல்லும் முதல் வார்த்தை இது தானே? நொடியில் எடுக்கும் படத்திற்கே அசையக் கூடாது என்றால், பல நிமிடங்கள் எடுக்கும் படத்திற்கு என்ன சொல்வது? மூச்சு விடுகிறோம். இதயம் துடிக்கிறது. கை நடுங்குகிறது. முடி அளவு மெல்லிய குழாயைப் படம் பிடிக்கும்போது இந்தச் சிறு அசைவு கூடப் படத்தைக் கலைத்துவிடும். மூட்டு வலியால் துடிக்கும் நோயாளியிடம் ஐந்து நிமிடம் விரலை அசைக்காதீர்கள் என்று சொல்ல முடியுமா?

இந்த ஒரு காரணத்தால் தான் அருமையான படங்கள் ஆய்வுக் கூடத்திலேயே நின்றுவிட்டன. எனவே ஆராய்ச்சியாளர்கள் வேகத்தின் மீது கவனம் செலுத்தினார்கள். இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

முதல் வழி, சென்சார்களை அதிகமாக்குவது. கலிபோர்னியாவில் உள்ள கால்டெக் நிறுவனத்தில் லிஹாங் வாங் குழு 2018-இல் 512 சென்சார்களை வளையமாக அடுக்கி, பெண்களின் மார்பகத்தை 15 நொடியில் படம் எடுத்தது. ஒரு முறை மூச்சை அடக்கிக் கொள்ளும் நேரம் தான்! எட்டு நோயாளிகளிடம் இருந்த ஒன்பது கட்டிகளில் எட்டை அது காட்டியது. மார்பகத்தை வலிக்கும்படி அழுத்த வேண்டியதில்லை, எக்ஸ்ரேயும் இல்லை. 2021-இல் அதே குழு 1024 சென்சார்களைக் கிண்ணம் போன்ற அமைப்பில் சுழலவிட்டு, முழு முப்பரிமாணப் படத்தை 10 நொடியில் எடுத்தது. 4 செ.மீ. ஆழம் வரை தெரிந்தது.

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பால் பியர்ட் குழு, ஒலியைக் கேட்பதற்கும் ஒளியையே பயன்படுத்துகிறது. மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை இரண்டு கண்ணாடிப் பூச்சுகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். உடலிலிருந்து ஒலி வந்து மோதும்போது படலம் சற்றே நசுங்குகிறது. அதன் மீது விழும் இன்னொரு லேசர் கதிர் திரும்பி வரும் அளவு அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றத்தைப் படித்தால் ஒலி கிடைத்துவிடும்.

இம்முறையில் படம் மிகத் தெளிவாக வந்தது. ஆனால் ஒரே கதிர் புள்ளி புள்ளியாக நகர்ந்து படித்ததால் ஒரு படத்திற்கு ஐந்து நிமிடத்திற்கும் மேல் ஆனது. 2024-இல் இந்தக் குழு வெளியிட்ட புதிய ஸ்கேனர் அதே வேலையைச் சில நொடிகளில், சில சமயம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிக்கிறது. பழையதை விட 100 முதல் 1000 மடங்கு வேகம். என்ன செய்தார்கள்? ஒரு கதிருக்குப் பதில் பல கதிர்களை ஒரே நேரத்தில் வைத்தார்கள். லேசரை நொடிக்கு இன்னும் அதிக முறை அடித்தார்கள். மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர் தந்திரத்தையும் சேர்த்தார்கள்.

தந்திரம் இது தான். டிஜிட்டல் கேமரா எடுக்கும் படத்தை ஜேபெக் பைலாகச் சேமிக்கும்போது, தேவையில்லாத தகவலை விட்டுவிடுவதால் பைல் சிறியதாகிறது என்று அறிவீர்கள். கடைசியில் விடப் போகும் தகவலை எதற்காக முதலில் சிரமப்பட்டுச் சேகரிக்க வேண்டும்? பாதியை மட்டும் அளந்து மீதியைக் கணக்கால் நிரப்ப முடியாதா? முடியும் என்று இமானுவேல் கான்டெஸ், டெரன்ஸ் டாவோ, டேவிட் டோனோஹோ ஆகிய கணித அறிஞர்கள் 2006-இல் வெளியான ஆய்வுகளில் காட்டினர். இதற்குக் கம்ப்ரெஸ்டு சென்சிங் என்று பெயர். அளப்பது குறைந்தால் நேரம் குறையும். அதற்கு ஈடாகக் கம்ப்யூட்டர் கூடுதலாக உழைக்க வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் பாதம்

லண்டன் குழு தன் ஸ்கேனரைப் பத்து நோயாளிகளிடமும் ஏழு ஆரோக்கியமானவர்களிடமும் சோதித்துப் பார்த்தது. நோயாளிகள் சர்க்கரை நோய், முடக்குவாதம், மார்பகப் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்றைக் கொண்டவர்கள். சர்க்கரை நோயாளிகள் மூவரின் பாதத்தில் நுண்குழாய்களின் உருமாற்றம் முப்பரிமாணத்தில் தெரிந்தது.

இதன் முக்கியத்துவம் நமக்குத் தெரியும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்திய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. நம் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ ஒருவராவது இருப்பார். சர்க்கரை நோயில் பாதத்தின் நுண்குழாய்களும் நரம்புகளும் மெல்ல மெல்லப் பழுதாகின்றன. வலி தெரிவதில்லை. செருப்புக் கடித்த சிறு புண் ஆறாமல் பெரிதாகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலை வருகிறது. புண் வந்த பிறகு பார்ப்பதற்கும், வருவதற்கு முன்பே குழாய் கெடுவதைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒருவருடைய கால்! வேகமான ஸ்கேன் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு இதை விட நல்ல பதில் இல்லை.

நம் தோலின் நிறம்

இங்கு நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்ற நிறமி. அதுவும் ஒளியை நன்றாக உறிஞ்சும். எனவே கருத்த தோலில் இரண்டு சிக்கல்கள். உள்ளே போகும் ஒளி குறைகிறது. தோலே பலமாகச் சத்தமிட்டு, ஆழத்திலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் குழப்புகிறது.

இது வெறும் சந்தேகம் அல்ல. பல்ஸ் ஆக்ஸிமீட்டர் பற்றி 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று நினைவிருக்கட்டும். மீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதே, ரத்தப் பரிசோதனையில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6 சதவீதம். அதாவது மீட்டர் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக ஏமாந்திருக்கிறது.

ஒளி ஒலிப் படமுறையில் அதே தவறு தொடரக் கூடாது அல்லவா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முயினாது பெல் குழுவினர், பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து 2023-இல் ஒரு தீர்வைக் காட்டினார்கள். கருவியை மாற்றவில்லை. சென்சார்களின் குறிப்புகளைச் சேர்க்கும் கணக்கை மாற்றினார்கள். பலமான சத்தம் எது என்று பார்ப்பதற்குப் பதில், பக்கத்துப் பக்கத்துச் சென்சார்கள் ஒன்றுபோலச் சொல்லும் ஒலி எது என்று பார்க்கும் முறை அது. கருத்த தோலிலும் குழாய் தெளிவாகத் தெரிந்தது. சாப்ட்வேர் நினைத்தால் நியாயமும் செய்யலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம் நாட்டுக்கு இத்தகைய கருவி வரும்போது, எங்கள் நிறத்தவரிடம் சோதித்தீர்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இப்போது கிடைக்கிறதா?

ஓரளவு. மார்பகக் கட்டியை லேசரும் அல்ட்ரா சவுண்டும் சேர்த்துப் பார்க்கும் இமாஜியோ என்ற கருவிக்கு அமெரிக்க அரசு 2021-இல் அனுமதி அளித்தது. சந்தேகத்துக்குரிய கட்டியை டாக்டர் எடைபோட உதவும் துணைக் கருவி அது. மாமோகிராமுக்கு மாற்று அல்ல. ஜெர்மனியில் குடல் அழற்சி நோயின் தீவிரத்தை வயிற்றின் மேலிருந்தே அளக்கும் ஆய்வு 2017-இல் வெளியானது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒளி சில சென்டி மீட்டருக்கு மேல் போதுமான அளவு நுழையாது. எனவே ஈரலின் அடி ஆழமோ இதயமோ வெளியிலிருந்து தெரியாது. ஆழம் கூடக் கூடத் தெளிவு குறையும். நுரையீரலில் உள்ள காற்றும் எலும்பும் ஒலியைக் கெடுக்கும். பத்துப் பதினைந்து பேரிடம் செய்த சோதனை நம்பிக்கை தருமே தவிர, அது முடிவான தீர்ப்பு அல்ல. ஆயிரக்கணக்கானோரிடம் சோதித்த பிறகே மருத்துவமனையில் அன்றாடப் பயனுக்கு வரும். யாராவது இந்தப் பெயரைச் சொல்லி எல்லா நோயையும் கண்டுபிடிப்போம் என்று விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனையையும் தள்ளிப் போடாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

லேசர் வேண்டாம். ஒலியை வைத்துத் தூரம் காணும் கணக்கை உங்கள் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரை டவுன்லோட் செய்து கொள்ளுங்கள்.

1. லேப்டாப்புடன் பள்ளி மைதானம் போன்ற திறந்த இடத்திற்குச் செல்லுங்கள். பெரிய சுவர் ஒன்றிலிருந்து 17 மீட்டர் தள்ளி நில்லுங்கள். வேறு சுவர் அருகில் இருக்கக் கூடாது.

2. சிவப்பு நிறப் பதிவு பட்டனை அழுத்தி, ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். பதிவை நிறுத்துங்கள்.

3. கண்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு 1 என்ற எண்ணைச் சில முறை தட்டினால் ஒலி அலை பெரிதாகத் தெரியும்.

4. பெரிய முள் ஒன்று, சற்றுத் தள்ளிச் சிறிய முள் ஒன்று தெரியும். முதலாவது கை தட்டல், இரண்டாவது எதிரொலி. இடைவெளி ஏறத்தாழ 0.1 நொடி இருக்கும்.

5. ஒலி நொடிக்கு 340 மீட்டர் செல்லும். 0.1 நொடியில் 34 மீட்டர். போய் வந்ததால் பாதி, 17 மீட்டர்!

எதிரொலி தெரியவில்லை என்றால், மைக்கில் இரைச்சலைக் குறைக்கும் வசதி இயங்குகிறதா என்று பார்த்து அதை நிறுத்திவிடுங்கள். அது எதிரொலியையும் இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடும். இப்போது சுவருக்கு இன்னும் தள்ளிச் சென்று தட்டிப் பாருங்கள். முட்களின் இடைவெளி கூடும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? எதிரொலியில் ஒலி போய்த் திரும்புகிறது, எனவே பாதியாக்கினோம். ஒளி ஒலிப் படமுறையில் ஒளி கண நேரத்தில் போய்விடுகிறது. ஒலி வரும் பாதை மட்டும் தான் கணக்கு. பாதியாக்க வேண்டியதில்லை.

இன்னும் ஆழமாகப் போக விரும்பும் கல்லூரி மாணவர்களுக்கு லண்டன் குழுவினர் உருவாக்கிய கே-வேவ் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. ஒலி அலைகள் சதைக்குள் பரவுவதைக் கம்ப்யூட்டரிலேயே நடத்திப் பார்க்கலாம். பைதான் மொழியிலும் உண்டு.

சில சொற்கள்

வாக்ஸெல்: முப்பரிமாணப் படத்தின் மிகச் சிறிய கட்டம்.

சென்சார்: ஒலி, ஒளி, சூடு போன்றவற்றை உணர்ந்து மின் குறிப்பாக மாற்றும் உறுப்பு.

அல்ட்ரா சவுண்ட்: நொடிக்கு 20,000 முறைக்கு மேல் அதிரும், காதுக்குக் கேட்காத ஒலி.

அடுத்த மழையில் மின்னல் வெட்டும்போது எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குள் வந்து நின்று எண்ணுங்கள்; கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைக்கவும் மறக்காதீர்கள்!